விடிவெள்ளியின் பணி வரலாறு

இல்லாத ஒரு கப்பல் அழிந்துபோனதற்காகப் பேசாலைக் கரையின் ஒரு பகுதி முழுவதும் சோறு தண்ணி இல்லாமல் பயந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தவள். அந்தப் பயத்தில் எனக்கும் நல்ல பங்கு கிடைத்தது. அந்தக் கப்பலைக் கட்டியவள் ஜெஸ்லியா. கட்டியவள் என்றால் சுத்தியலும் ஆணியும் பிடித்தவள் இல்லை. என் கடைக் கம்பியூட்டரின் முன்னால் இருந்து, எழுத்தாலேயே கட்டியவள்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் மனோன்மணி, உயிலங்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. என் மனுசன் மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய வேலைக்காகப் பேசாலைக்கு வந்து, கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் போட்டோக் கொப்பியும் ரைப்பிங்கும் செய்கிற ஒரு கடை போட்டேன். எனக்குத் தண்ணீர் என்றால் குளத்துத் தண்ணீர்தான். நாலு பக்கமும் கட்டுத் தெரியவேண்டும். கடல் பிடிக்காது என்று இங்கே வாய்விட்டுச் சொன்னால் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே பயம் என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய்யில்லை.

ஜெஸ்லியாவுக்கு ஐஸ் வாடியில் வேலை. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் அள்ளிக் கொடுக்கவேண்டும். முப்பதைத் தாண்டியவள், ஒல்லி, ஆனால் ஐஸ் குத்துகிற கம்பியை அவள் தூக்கினால் ஆம்பிளையள் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நிற்பார்கள். அவளுடைய மனுசன் கிறகரிக்குச் சொந்தமாக ஒரு பைபர் வள்ளம் இருந்தது. விடிவெள்ளி என்று பெயர். பிள்ளை குட்டி இல்லை. ஒரே வளவில் மாமி மதலேனா இருந்தா. ஒரு செபமாலை சொல்லி முடிப்பதற்குள் மருமகளிடம் பத்துக் குறை கண்டுபிடித்துவிடக்கூடிய மனுசி. ஜெஸ்லியா அதற்கெல்லாம் வாய் கொடுக்கமாட்டாள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவாள்.

வருகிற காரணம் சுகந்தன். அடம்பனில் பிறந்தவன், மன்னாரில் கம்பியூட்டர் வகுப்பில் இவளோடு ஒன்றாய்ப் படித்தவன், இப்போது கனடாவில் இருக்கிறான். அவனும் கூட்டாளிமாரும் சேர்ந்து போனில் விளையாடுகிற ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். முழுக்கத் தமிழில். விண்வெளியில் நடக்கிற சண்டை. திரையில் ஒரு போர்க்கப்பலைத் தொட்டால் ஒரு குரல் அதன் வரலாற்றைச் சொல்லவேண்டும்: யார் வடிவமைத்தது, எங்கே கட்டியது, எந்தச் சண்டைக்கெல்லாம் போனது, கடைசியில் என்ன ஆனது. அதை எழுத ஆள் தேடியபோது அவனுக்கு ஜெஸ்லியாவின் ஞாபகம் வந்திருக்கிறது. வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் கதை அளந்துகொண்டிருந்தவள் வேறு யார்.

அவள் முதலில் படைத்தது திருக்கை வகுப்பு. ஒரே அச்சில் கட்டுகிற கப்பல்களை வகுப்பு என்று சொல்வார்கள் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தட்டை உடம்பு, இரண்டு பக்கமும் விரிந்த செட்டை, பின்னால் நீண்ட வால். வால் அழகுக்கு இல்லை, செய்தி வாங்குகிற கம்பி. ஏன் தட்டை என்று கேட்டேன். ஒரு பெரிய கோளைச் சுற்றித் தூசியும் கல்லுமாக வளையம் ஒன்று இருக்கிறதாம். திருக்கை மீன் மணலில் புதைந்து கிடப்பதுபோல் கப்பல் அந்தத் தூசிக்குள் படுத்துக் கிடந்து, எதிரி வந்ததும் கிளம்பவேண்டுமாம். எஞ்சின் ஒன்றுதான். இரண்டு வைத்தால் என்ன என்று சுகந்தன் கேட்டதற்கு, “எங்கட ஆக்களிட்டை எங்கையடா ரெண்டு எஞ்சின்” என்று சொல்லிவிட்டாள்.

எஞ்சின் சூட்டை எப்படி ஆற்றுவது என்று ஒரு கிழமை யோசித்தாள். கடைசியில் அவளுக்குத் தெரிந்ததைத்தான் வைத்தாள். வால்வெள்ளிகளில் வெட்டி எடுத்த ஐஸைக் கப்பலின் வயிற்றுக்குள் அடுக்கினாள். ஐஸ் இருக்கும்வரைதான் சண்டை. முடிந்துவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்கவேண்டியதுதான். அது அந்த வகுப்பின் குறை. குறையில்லாத கப்பலை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பாள். பிறகு கட்டிய கப்பல்களில் செட்டைக்குக் கீழே இன்னொரு ஐஸ் அறையைக் கூட்டினாள். அதனால் கப்பல் கனத்து மெதுவாகிப்போக, படையினர் முறைப்பாடு செய்தார்கள் என்று எழுதினாள். எந்தப் படையினர், எந்தக் கந்தோரில் முறைப்பாடு செய்தார்கள் என்று நான் கேட்டால் முறைத்துப் பார்ப்பாள்.

எதிரிகளை அவள் தேடிப் போகவில்லை. எல்லை தாண்டி வந்து வளையத்தை அடியோடு வழித்து அள்ளிக்கொண்டு போகிற பெரிய இழுவைக் கப்பல்கள்தான் எதிரிகள். இந்தியாவிலிருந்து வருகிற இழுவைப் படகுகளைப் பார்த்தே இந்தக் கரையில் வளர்ந்தவளுக்கு வேறு எதிரி எப்படித் தோன்றும். திருக்கைகள் கூட்டமாய்க் கிளம்பி அவற்றின் வலையை அறுத்துவிட்டு மறுபடி தூசிக்குள் மறைந்துவிடும். வளையத்துச் சண்டைகள் என்று மூன்று சண்டைகளை வரிசையாக எழுதினாள். ஒரு கப்பல் காயக்காரரை ஏற்றுகிற ஆஸ்பத்திரிக் கப்பலாக மாறியது. இன்னொன்று எஞ்சின் பழுதாகி, பழுதோடேயே தன் கூட்டத்தைக் காப்பாற்றியது. ரைப் பண்ணிக்கொடுத்த எனக்கே சில இடங்களில் கை நின்றுவிடும்.

கப்பல்களுக்குப் பெயர் வேண்டும் அல்லவா. அவள் எழும்பி என் கடை வாசலில் நின்று கரையைப் பார்த்தாள். கடலரசி, யாகப்பர், நீலத்தாரகை, லூர்து ராணி என்று வள்ளங்களின் முன்பக்கத்து அணியத்தில் எழுதிக் கிடந்த பெயர்களை அப்படியே எடுத்துப் போட்டாள். விடிவெள்ளியும் அதில் ஒன்று.

இது கரைக்குத் தெரிந்ததும் பிடித்தது ஒரு பைத்தியம். சுகந்தனின் ஆட்கள் குரல் கொடுத்துப் பதிந்ததை ஜெஸ்லியா வட்ஸ்அப்பில் போட, வலை பொத்துகிற இடத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் அதுதான் ஓடியது. கடலரசியின் சொந்தக்காரர் ஐம்பது வயது மனுசன், என் கடைக்கு வந்து, “மற்றவன்ர எல்லாம் அடிபடுது, என்ர மட்டும் சாமான் ஏத்துதோ” என்று சண்டை பிடித்தார். அவருக்காகக் கடலரசிக்கு இரண்டு பீரங்கி பூட்டவேண்டி வந்தது. கோயில் பாதருக்கும் பிடித்திருந்தது என்று கேள்வி. யாகப்பர் எத்தனையாவது சண்டையில் வருகிறது என்று மட்டும் கேட்டாராம்.

அப்போதுதான் சுகந்தன் அந்தக் கேள்வியைக் கேட்டான். கடையில் வைத்துப் போனைச் சத்தமாகப் போட்டுத்தான் பேசினாள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இவ்வளவு சண்டை நடந்திருக்கு, ஒரு கப்பலும் அழியேல்லை எண்டா ஆர் நம்புவினம்? ஒண்டாவது போகவேணும், ஜெஸ்லியா.”

“அது ஏலாது” என்றாள்.

“ஏன் ஏலாது? கப்பல் உன்ர கற்பனைதானே.”

“கப்பல் கற்பனை. பேர் கற்பனை இல்லையே.”

அவன் விடவில்லை. நாளுக்கு நாள் கேட்டான். புதுப் பெயரில் ஒரு கப்பலைக் கட்டி அதை அழித்துவிடேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அழிப்பதற்கென்றே கட்டிய கப்பலுக்கு ஆர் அழுவார்கள் என்று கேட்டாள். அவளுக்குள் ஒரு எழுத்துக்காரி இருந்தாள். அந்த எழுத்துக்காரி இல்லாதிருந்தால் அவளுக்கு நல்லது.

இந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கெட்டதற்கு உதாரணம் சொல்லவேண்டி வந்தால் அடுத்தவனுடைய வள்ளத்தை வைத்துச் சொல்லமாட்டார்கள். “இப்ப என்ர வள்ளம் கவிழுதெண்டு வைப்பம்” என்று தன்னுடையதைத்தான் சொல்வார்கள். எங்கள் வயல் பக்கத்தில் நேர்மாறு, பக்கத்து வயல்காரனின் நெல்லில்தான் எப்போதும் பூச்சி விழும். ஜெஸ்லியா கரைப் பிள்ளை. மற்றவர்களின் வள்ளத்தைத் தொட மனம் வராமல், தன்னுடையதையே எடுத்தாள். ஒரு பின்னேரம் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்து எழுதி, என்னை ரைப் பண்ணச் சொன்னாள்.

“விடிவெள்ளி. திருக்கை வகுப்பின் ஏழாவது கப்பல். மூன்றாம் வளையச் சண்டையின் முடிவில், பின்வாங்கிய கூட்டத்துக்குக் காவலாகக் கடைசிவரை நின்றது. ஐஸ் தீர்ந்து எஞ்சின் நின்றது. அதிலிருந்து வந்த இறுதிச் செய்தி: மிதந்துகொண்டிருக்கிறோம், காத்திருங்கள். அதன் பிறகு தேடியவர்கள் எதையும் காணவில்லை. கப்பலோடு அதிலிருந்த எல்லாரும் போயினர்.”

ரைப் பண்ணி முடித்ததும் அவள் பக்கம் திரும்பினேன். “என்ன பிள்ளை, சொந்த வள்ளத்தை” என்றேன்.

“எங்கடைதானே மனோக்கா. நட்டம் வந்தா எங்களுக்கு மட்டும்தானே” என்று சிரித்தாள்.

அந்தப் பதிவு வட்ஸ்அப்புக்கு வந்த நாள், கடலில் வாடைக் காற்று மெல்லத் தொடங்கியிருந்தது. அதற்கு முதல் நாள் மத்தியானம் கிறகரியும் அன்ரனியும் விடிவெள்ளியில் கடலுக்குப் போயிருந்தார்கள். அன்ரனி கிறகரியோடு தொழிலுக்குப் போகிறவன், இருபத்தைந்து வயதுப் பொடியன், இரண்டு வீடு தள்ளி இருக்கிற அஞ்சலாவின் மனுசன். காலையில் மற்ற வள்ளங்கள் எல்லாம் கரை ஏறிவிட்டன. விடிவெள்ளியைக் காணவில்லை. போன் எடுத்தால் மணி போகவில்லை. பத்து மணிக்கு வானொலியில் தாழமுக்கம், காற்று பலக்கும் என்றார்கள். மத்தியானத்துக்குள் கடல் எழும்பிவிட்டது.

கரையில் ஆட்கள் கொட்டிலுக்குக் கீழே கூடி நின்றார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அந்த நேரம் பார்த்து, விசயம் தெரியாமல், யாரோ ஒருவர் போனில் புதிதாக வந்ததைத் தட்டிவிட்டார். கனடாக் குரல் கணீரென்று தொடங்கியது. விடிவெள்ளி, திருக்கை வகுப்பின் ஏழாவது கப்பல். நிறுத்துங்கோ என்று ஒருவர் சொல்வதற்கிடையில் அது எல்லாரும் போயினர் என்ற இடத்துக்கு வந்து முடிந்துவிட்டது.

நாற்பது பேர் நின்றார்கள், ஒருவரும் இருமக்கூட இல்லை. அதை ரைப் பண்ணியது இந்தக் கை. பிறகு ஒவ்வொருவராக ஜெஸ்லியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபத்தில் இல்லை. கோபம் என்றால் பரவாயில்லை, பதில் சொல்லலாம். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் மெல்ல விலகி நின்றார்கள். கடலரசியின் சொந்தக்காரர் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “என்ர வள்ளத்துக்கும் ஏதும் எழுதி வைச்சிருக்கிறியோ பிள்ளை” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை” என்றாள் ஜெஸ்லியா.

கடற்படைக்கு அறிவித்தார்கள். இரண்டு வள்ளங்கள் தேடிப் புறப்பட்டு, அலை அடித்துத் திரும்பி வந்தன. மதலேனா மாமி வீட்டுச் சொரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு, மருமகளைப் பிடித்துக்கொண்டா.

“நீ எழுதினதை நீயே மாத்து. இப்ப எழுது. வந்திட்டினம் எண்டு எழுது.”

“மாமி, அது கதை.”

“கதையெண்டா மாத்த என்ன கஸ்டம்?”

நான் பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவள். எழுதுவதால் காற்று எழும்பாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சொன்ன பிறகு வள்ளம் வராமல் போனால் என்ற பயம். ஜெஸ்லியா சுகந்தனுக்கு அழைத்தபடியே இருந்தாள். கனடாவில் அவன் நித்திரை. எழும்பியதும் விசயத்தைக் கேட்டு, அழுது, பதிவை நீக்கிவிட்டான். அதற்குள் அது எல்லார் போனிலும் இறங்கிவிட்டது.

அடுத்த நாளும் அப்படியே போனது. ஊரே ஜெஸ்லியாவின் வளவில் இருந்தது. பயந்தாலும் வருவார்கள், அது இங்கத்தைச் சனத்தின் குணம். செபமாலை சொன்னார்கள், தேத்தண்ணி ஊற்றினார்கள், மதலேனா மாமியைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னேரம் நான் பின் பக்கம் போனபோது கிணற்றடிக் கல்லில் அஞ்சலா இருந்தாள். மடியில் கைக்குழந்தை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறாளோ தெரியாது. வள்ளம் கிறகரியுடையது, எழுதியவள் கிறகரியின் மனுசி, ஆகவே துக்கமும் அவர்களுடையது என்று எல்லாரும் முன் பக்கமே இருந்துவிட்டார்கள். அன்ரனி என்றொருவன் அந்த வள்ளத்தில் போனதை யாரும் மறக்கவில்லைதான், ஆனால் ஒருவரும் அவளிடம் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெஸ்லியாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

அஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாரும் எண்டு எழுதியிருக்கிறீங்கள் அக்கா. எழுதேக்க அவரை நினைச்சனீங்களோ?”

ஜெஸ்லியா “இல்லை” என்றாள். “சத்தியமா நினைக்கேல்லை.”

“நினைக்காதது நல்லதுதான்” என்றாள் அஞ்சலா. “நினைக்கேல்லையெண்டா அவர் அந்த எல்லாரிலையும் இல்லை.” அவள் அதைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்குப் பகீரென்றது.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. அக்கரையில், இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருக்கிற இந்தக் கரைச் சொந்தக்காரர் ஒருவர். கடல் நடுவில் மேடாய்க் கிடக்கிற மணல் தீடையில் ஒரு ஆளை அந்தப் பக்கத்து மீனவர்கள் எடுத்திருக்கிறார்களாம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம், இலங்கை ஆள் போலத் தெரிகிறதாம்.

“ஒருத்தரோ?” என்று ஜெஸ்லியா கேட்டாள்.

“ஒருத்தர்தான். கதைக்கிற நிலையில இல்லை. படம் எடுத்து அனுப்புறன்.”

ஜெஸ்லியாவின் போனில் திரை உடைந்திருந்தது. என் கடைக் கம்பியூட்டரில் பார்க்கலாம் என்று எல்லாரும் வந்தார்கள். மதலேனா மாமிக்கு என் கதிரையைக் கொடுத்தேன். ஜெஸ்லியாவும் அஞ்சலாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மழைக்கு லைன் சரியில்லை. படம் வந்துவிட்டது என்று காட்டியது, ஆனால் மங்கலாகவே நின்றது, சுற்றிக்கொண்டிருந்தது. நான் திரும்பித் திரும்பித் தட்டினேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்களும் முணுமுணுவென்று செபம் சொல்வது கேட்டது. ஒரே செபம், ஒரே மாதா. ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவளிடமிருந்து எடுக்கவேண்டும். அதை நினைத்ததும் நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் படம் திறக்கவே கூடாது என்று மனம் கேட்டது. பொய் சொல்லவில்லை, மின்சாரம் போகட்டும் என்றுகூட வேண்டினேன்.

அது திறந்தது. கட்டிலில் ஒரு ஆள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, உப்பில் வெந்து வீங்கிப்போயிருந்தது. உடம்பில் நம்முடைய கரைக் கழகத்துப் பந்தடி உடுப்பு, பச்சை நிறம். இரண்டு பேரும் அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். யார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மதலேனா மாமி தன் மகன் என்றா, பிறகு இல்லை என்றா. ஜெஸ்லியா வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் அவளுக்கு.

அஞ்சலாதான் சொன்னாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, படத்தின் கீழ்ப் பக்கத்தைக் காட்டினாள். “காலைப் பாருங்கோ. அவருக்கு இவ்வளவு பெரிய கால் இல்லை. இது உங்கட ஆள் அக்கா.”

ஜெஸ்லியா விழுந்துவிட்டாள். நாங்கள் அவளைத் தூக்கி, தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அஞ்சலா ஒழுங்கையில் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். யாரோ குடை பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

கிறகரி வந்து சேர ஒரு மாதத்துக்குக் கிட்டவானது. அக்கரையில் வழக்கு, கையெழுத்து, அது இது என்று ஆயிரம். வந்தவன் பாதியாகியிருந்தான். வந்த அன்றே, வீட்டுக்குள் போகாமல், நேரே அஞ்சலாவின் வாசலுக்குப் போய் முழங்காலில் இருந்தான். எஞ்சின் நின்றதையும், நங்கூரக் கயிறு அறுந்ததையும், வள்ளம் கவிழ்ந்ததையும் சொன்னான். வெறும் எண்ணெய்க் கான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு இரவு முழுக்க மிதந்தார்களாம்.

“விடியேக்க பாத்தன் தங்கச்சி. ஆளைக் காணேல்லை.”

“தண்ணிக்குள்ள தாண்டதைப் பாத்தனீங்களோ?”

“இல்லை.”

“பாக்கேல்லைத்தானே” என்றாள் அஞ்சலா, அவனை எழுப்பிவிட்டாள்.

பாதர் இரண்டு தடவை வந்து அன்ரனியின் ஆன்மாவுக்குப் பூசை வைப்பமா என்று கேட்டுப் பார்த்தார். உயிரோடு இருக்கிற ஆளுக்கு என்ன பூசை என்று அவள் மரியாதையாக அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் கடைக்கு வந்தாள். ஜெஸ்லியா அங்கே இருந்தாள். அவள் எழுதுவதை விட்டுவிட்டிருந்தாள், சும்மா வந்து இருப்பாள், அவ்வளவுதான்.

“அக்கா, எல்லாரும் போச்சினம் எண்டு எழுதினீங்கள். உங்கட மனுசன் வந்திட்டார். அப்ப அது பிழை.”

“ஓம் அஞ்சலா. பிழைதான். நான் ஒண்டும் எழுதியிருக்கக் கூடாது.”

“பிழையெண்டா திருத்துங்கோ. நீங்க எழுதினா நடக்குது. எல்லாருக்கும் தெரியும், பயத்தில சொல்லினமில்லை. அவர் ஒரு சின்னக் கப்பல்ல தப்பிப்போறார் எண்டு எழுதுங்கோ. நான் வேற ஒண்டும் கேக்கேல்லை.”

ஜெஸ்லியா என்னைப் பார்த்தாள். என்ன சொல்வது. இதெல்லாம் வெறும் கதை என்று சொன்னால், அவளிடம் மிச்சமிருக்கிற ஒரே ஒரு கயிற்றையும் நாங்களே அறுத்தவர்களாகிவிடுவோம். எழுதினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ஜெஸ்லியா ஒரு தாளை எடுத்தாள். எழுதினாள்.

விடிவெள்ளியிலிருந்து தப்பிய சிறு கலம், அதற்குள் ஒரு ஆள், மூச்சுக்குக் காற்று இருக்கிறது, வளையத்தின் ஓரமாக மிதக்கிறது என்று அரைப் பக்கம். அஞ்சலா அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் சோறு தின்றாளாம்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். “இப்ப எங்க நிக்கிறார்?” என்று கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். சுகந்தனுக்கு இதெல்லாம் தெரியாது, இது கேமுக்கு இல்லை. ஒரே ஒரு ஆளுக்காக எழுதுகிற வரலாறு. ஜெஸ்லியா ஒவ்வொரு கிழமையும் அன்ரனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஒரு கிழமை ஒரு கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினான், ஒரு கிழமை தூரத்தில் வெளிச்சம் கண்டான். சாகவிட அவளுக்குத் துணிவில்லை, கரைக்குக் கொண்டுவரவும் துணிவில்லை. சனிக்கிழமை வந்தாலே அவளுக்குக் காய்ச்சல் அடிக்கும். கிறகரி அவளுக்குப் பக்கத்தில் படுப்பதில்லை, விறாந்தையில் படுக்கிறான் என்று மாமி சொன்னா.

எனக்கு ஒரு நாள் கோபம் வந்துவிட்டது. “இது பாவம், ஜெஸ்லியா. நிப்பாட்டு. அவள் ஒரு நாளைக்கு அழத்தானே வேணும்.”

“நீங்கள் சொல்லுங்கோ மனோக்கா” என்றாள். “எந்த வசனத்தில நிப்பாட்ட?”



போன ஞாயிறு அஞ்சலா வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தலை வாரி, பூவும் வைத்திருந்தாள். நத்தார்ப் பண்டிகை கிட்டவாகிவிட்டதால் ஒழுங்கையில் பெயின்ற் மணம். அவள் ஜெஸ்லியாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“மிதந்தது காணும் அக்கா, அவர் களைச்சுப்போனார். நத்தாருக்கு முதல் ஆளைக் கரைக்கு எடுத்துவிடுங்கோ.”

ஜெஸ்லியா “ஓம்” என்றாள். வேறு என்ன சொல்வாள்.

அஞ்சலா எழும்பினாள். குழந்தையின் கையைப் பிடித்து எங்களுக்கு ஆட்டிக் காட்டினாள். வாசலில் நின்று, மன்னாருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள். நத்தாருக்கு அன்ரனிக்குப் போட ஒரு சேட் எடுக்கவேண்டுமாம்.

“அளவு ஒண்டு குறைச்சுத்தான் எடுக்கவேணும்” என்றாள். “ஆள் மெலிஞ்சிருப்பார்.”

நான் பஸ் நேரத்தைச் சொன்னேன்.